கப்பலோடு எரிந்த 122 பெட்டிகள்

சிங்கப்பூரில் பள்ளிக்கும் விடுதிக்கும் பெயராக நிலைத்துவிட்டவர் ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ். தாம் ஆண்டுக்கணக்கில் சேர்த்தவற்றில் பெரும்பகுதியை அவர் ஒரே இரவில் தீக்குப் பறிகொடுத்த கதை பலருக்குத் தெரியாது.

1781 ஜூலை 6ஆம் தேதி ஜமைக்கா அருகே கப்பலில் பிறந்தார். குடும்பத்தில் பணக் கஷ்டம். 14 வயதிலேயே லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியில் எழுத்தராகச் சேர்ந்தார். 1805இல் பினாங்கில் வேலை கிடைத்தது. கப்பலில் வரும்போதே மலாய் படிக்கத் தொடங்கினார்.

1810 இறுதியில் மலாக்காவுக்கு வந்தார். ஜாவா மீதான படையெடுப்புக்கு ஏற்பாடு செய்துகொண்டே, ஆட்களை அமர்த்திச் செடிகொடிகள், பூச்சிகள், விலங்குகள், சிப்பிகள் எனத் திரட்டினார். பழைய மலாய் ஏடுகளை விலைக்கு வாங்கினார்; கிடைக்காதவற்றைப் படியெடுக்கச் சொன்னார். அவரிடம் எழுத்து வேலை செய்தவர்களில் அப்துல்லா என்ற சிறுவனும் ஒருவன். ஏமன் அரபு வழியும் நாகூர்த் தமிழ் வழியும் கலந்த குடும்பத்துப் பிள்ளை. பின்னாளில் முன்ஷி அப்துல்லா என்று புகழ்பெற்றவர் அவர்தான்.

ராஃபிள்ஸ் காலத்தில் சேர்ந்த எல்லாமே நல்ல வழியில் வந்தவை அல்ல. 1812இல் யோக்யாகர்த்தா அரண்மனையைப் பிரிட்டிஷ் படை சூறையாடியபோது, அங்கிருந்த ஏடுகளும் போயின.

1819இல் சிங்கப்பூரில் கம்பெனியின் வணிகத் தளத்தை அமைத்தார். ஆனால் அவர் குடும்பம் வாழ்ந்தது சுமத்ராவின் பென்கூலனில். அங்கே 1821 முதல் 1823 வரை நான்கு பிள்ளைகளை அடக்கம் செய்தார்.

உடல்நலம் குன்றி, 1824 பிப்ரவரி 2ஆம் தேதி ‘ஃபேம்’ கப்பலில் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். அன்றிரவே, கரையிலிருந்து சுமார் 50 மைல் தொலைவில் கப்பல் தீப்பற்றியது. பணியாள் ஒருவர் திறந்த விளக்கோடு பிராந்திப் பீப்பாயருகே போனதுதான் காரணம். படகுகளில் இறங்கி அனைவரும் உயிர் தப்பினர். 122 பெட்டிகள், 2,000க்கும் மேற்பட்ட ஓவியங்கள், சுமத்ரா வரைபடம், மலாய் ஏடுகள் எல்லாம் சாம்பலாயின. உயிரோடு ஏற்றியிருந்த தாபிரும் மடிந்தது.

கரைசேர்ந்த மறுநாளே வரைபடத்தை மீண்டும் வரைய உட்கார்ந்தார். ஓவியர்களை வேலைக்கு வைத்தார். விலங்குகளைத் தேடிக் காட்டுக்கு ஆள் அனுப்பினார். இங்கிலாந்து திரும்பி, 1826இல் லண்டன் விலங்கியல் சங்கத்தின் முதல் தலைவரானார். அதே ஆண்டு கம்பெனி, 22,000 பவுண்டுக்கும் அதிகமாகத் தர வேண்டும் என்று அவரிடம் கணக்குக் காட்டியது. ஜூலை 5ஆம் தேதி, 45ஆம் பிறந்தநாளுக்கு முதல் நாள், காலமானார்.

விலங்குகளை மறுபடி பிடிக்கலாம், படத்தை மறுபடி வரையலாம். ஒரே ஒரு பிரதியாக இருந்த ஏட்டை எங்கே போய்த் தேடுவது? தப்பிய மலாய் ஏடுகளை ராஃபிள்ஸின் மனைவி சோஃபியா 1830இல் லண்டன் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டிக்குக் கொடுத்தார். ‘செஜாரா மெலாயு’வின் புகழ்பெற்ற பிரதி அவற்றில் ஒன்று.

எரிந்த ஏடுகளை நினைத்து அப்துல்லா தம் வாழ்க்கை வரலாற்றில் வருந்துகிறார். எல்லாம் கையெழுத்துப் பிரதிகள், அச்சில் வந்திருந்தால் பிழைத்திருக்கும் என்பது அவர் ஆதங்கம். அந்த ‘ஹிக்காயாட் அப்துல்லா’ 1849இல் சிங்கப்பூரில் அச்சேறியது. இன்றும் படிக்கக் கிடைக்கிறது.