‘என்க’, ‘இங்கு’... கணக்கு நோட்டு வழக்கத்தை கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோன பீட்டர் லாண்டின் யார்?

பள்ளிக் கணக்கில் ‘வரி என்பது விலையில் 18% என்க’ன்னு முதலில் சொல்லிவிட்டு, பிறகு மொத்தத்தைக் கணக்கிடுவோம். சிலர் ‘மொத்தம் = விலை + வரி’ என்று எழுதிவிட்டு, ‘இங்கு, வரி என்பது விலையில் 18%’ என்று கீழே விளக்குவார்கள். இந்த இரண்டு வழக்கமும் கம்ப்யூட்டர் மொழிகளுக்குள் வந்ததில் முக்கியப் பங்கு பீட்டர் லாண்டினுக்கு உண்டு.

யார் இவர்?

1930-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தார். 1960-ல், ஆலோசகராக இருந்த கணினி விஞ்ஞானி கிறிஸ்டோபர் ஸ்ட்ராச்சியிடம் உதவியாளராகச் சேர்ந்தார்.

என்ன சிக்கல்?

அன்றைய புரோகிராம்கள் பெரும்பாலும் கட்டளைகளின் வரிசைதான். ஒரு பெயருக்குரிய மதிப்பு வழியில் எங்கே வேண்டுமானாலும் மாறலாம். படிப்பவர் மேலிருந்து கீழ் வரை துரத்திக்கொண்டே போகணும். லாண்டின் கேட்டது வேறு: ஒரு பெயர் ஓர் இடத்தில் பிறந்து, அங்கே மட்டும் செல்லுபடியாகி, மதிப்பு மாறாமல் இருந்தால் என்ன?

‘சர்க்கரை’ வந்த கதை

இதற்குப் புது இயந்திரம் எதுவும் தேவையில்லைன்னு 1964-ல் காட்டினார். 1930-களில் அலோன்சோ சர்ச் உருவாக்கிய லாம்டா கால்குலஸே போதும். ‘இங்கு’ என்று எழுதினாலும், உள்ளே நடப்பது ஒரு ஃபங்ஷனுக்கு மதிப்பைக் கொடுப்பதுதான். ‘என்க’ முறைக்கும் இதே கதைதான். மேலே இருக்கும் எழுத்து வடிவம் மனிதர்களுக்காகத் தடவிய இனிப்பு. ‘சின்டாக்டிக் சுகர்’ என்ற பெயரே இவர் வைத்ததுதான்.

அப்படின்னா இரண்டு வடிவம் எதற்கு? இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான், படிப்பவருக்கு அப்படியில்லை. ‘என்க’ சமையல் பொருளை முதலில் எடுத்து வைக்கிறது. ‘இங்கு’ பதார்த்தத்தை முதலில் காட்டுகிறது.

காகிதத்தில் ஒரு மொழி

1966-ல் ‘அடுத்த 700 புரோகிராமிங் மொழிகள்’ என்ற கட்டுரையில் ‘இஸ்விம்’ மொழியை விவரித்தார். வரி எங்கே தொடங்குகிறது என்பதை வைத்தே எந்தப் பெயர் எதற்குச் சொந்தம் என்று அறியும் விதியும் அதில் இருந்தது. அதற்கு ஃபுட்பாலிலிருந்து ‘ஆஃப்சைடு’ என்று பெயர் வைத்தார்.

இஸ்விம் பெரும்பாலும் காகிதத்திலேயே நின்றுவிட்டது. ஆனால் எம்எல், மிராண்டா, ஹாஸ்கெல் எல்லாம் அதன் வாரிசுகள். 1990-ல் வந்த ஹாஸ்கெலில் இரண்டு வடிவமும், ஆஃப்சைடு விதியும் சேர்ந்தே இருக்கின்றன.

லண்டன் குயின் மேரி கல்லூரியில் பேராசிரியராக இருந்த லாண்டின், தன்பாலின ஈர்ப்பாளர் உரிமைக்காகவும் களத்தில் நின்றார். 2009-ல் காலமானார். இன்று ஹாஸ்கெலில் ஒரு பெயருக்கு விளக்கம் எழுதும்போது, அதை முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா என்பதைப் புரோகிராமரே தீர்மானிக்கலாம். அந்த வசதி லாண்டின் விட்டுப்போனது.