கண்டங்கள் நகருமெனக் கண்ட பெரியார் அல்பிரட் உவெகனர்

நாம் நிற்கும் நிலம் அசையாதது என்றே உலகம் நெடுங்காலம் நம்பி வந்தது. அந்நம்பிக்கையைத் துணிந்து மறுத்த ஜேர்மனிய அறிஞர் அல்பிரட் உவெகனரின் வரலாற்றை நம் வாலிபர்கள் அறிதல் நன்று.

1880ஆம் ஆண்டு நவம்பர் 1ஆந் திகதி பேர்லின் நகரிலே பிறந்த இவர், 1905இல் வானசாத்திரத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். எனினும் வானிலை ஆராய்ச்சியிலேயே இவருள்ளம் சென்றது. 1906இல் தமையனாருடன் பலூனில் ஏறி, 52 மணி நேரத்துக்கு மேல் வானிற் பறந்து சாதனை புரிந்தார்.

தென்னமெரிக்காவின் கீழ்க்கரையும் ஆபிரிக்காவின் மேற்கரையும் ஒன்றோடொன்று பொருந்துமாறு அமைந்திருத்தல் இவர் சிந்தையைக் கவர்ந்தது. இடையே பெருங்கடல் கிடக்க, இரு கரைகளிலும் ஒரே இனப் பிராணிகளின் உயிர்ச்சுவடுகள் கிடைத்தமையையும் கற்றறிந்தார். கண்டங்கள் யாவும் முன்னர் ஒன்றாயிருந்து பின் பிரிந்து நகர்ந்தன என்னுங் கொள்கையை 1912இல் வெளியிட்டார். முதலாம் உலகப் போரிற் காயமுற்று ஓய்ந்திருந்த காலத்தில் அதனை விரித்தெழுதி, 1915இல் நூலாக்கினார்.

அறிஞர் பலர் எள்ளினர். கண்டங்களைத் தள்ளும் விசை யாது என்ற வினாவுக்கு இவர் அளித்த விடை போதாதென்பதும் உண்மையே. ஆயினும் இவர் சோர்ந்திலர். 1929 வரை நூலைத் திருத்தித் திருத்தி நான்கு பதிப்புகள் வெளியிட்டார். 1930இல் கிறீன்லாந்தின் நடுப் பனிவெளியிலிருந்த தோழர்க்கு உதவச் சென்று, திரும்பும் வழியில் உயிர் நீத்தார்.

1960களிற் கடலடி ஆராய்ச்சி இவர் கொள்கைக்கு உயிரளித்தது. புவியின் வன்பாறைப் புறவோடு பல தகடுகளாய்ப் பிளவுண்டு, ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் நகர்கின்றது. தகடுகள் விலகுமிடத்திற் பாறைக்குழம்பு மேலெழுந்து புதிய கடற்றளமாகும். அத்திலாந்திக்குச் சமுத்திரம் இவ்வாறே அகல்கின்றது. கண்டங்கள் மோதுமிடத்தில் மலை எழும். இமயம் அவ்வாறு எழுந்ததே. ஒரு தகடு மற்றொன்றின் கீழ் அமிழுமிடத்தில் எரிமலையும் பூகம்பமும் தோன்றும். ஒன்றையொன்று உராய்ந்து செல்லுமிடத்திலும் நிலம் நடுங்கும்.

2004 டிசெம்பர் 26இல் சுமாத்திராவை அடுத்த தகட்டெல்லை திடீரெனப் பெயர்ந்தமையாலேயே ஆழிப்பேரலை எழுந்து, நம் இலங்கையில் மட்டும் 30,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது. கடல் வழமைக்கு மாறாய் உள்வாங்கினால் உடனே மேட்டுநிலம் நாடவேண்டும் என்பதை அன்று நம்மிற் பெரும்பாலோர் அறிந்திலர். ஆதலின் இவ்வறிவு ஏட்டோடு நிற்றல் தகாது. வீடுதோறும் பரவ வேண்டும்.

உவெகனர் தம் கொள்கை வென்றதைக் கண்டாரல்லர். பயன் கருதாது கடமை செய்தலை நம் சமயம் போதிக்கின்றது; அந்நெறிக்கு அன்னாரின் வாழ்வும் ஒரு சான்றாகும். எள்ளலுக்கு அஞ்சாது மெய்யை ஆராயும் வாலிபர் நம்மிடையே பெருகுவாராக!