சித்ராலயம் கண்ட ஐரிஷ் கவிஞர்

திருவனந்தபுரம் மியூசியம் தோட்டத்துக்குச் செல்வோர் மிருகக்காட்சி சாலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவது வழக்கம். அருகிலுள்ள ஸ்ரீ சித்ரா ஓவியக் கூடத்துக்குள் நுழைவோர் சிலரே. அந்தக் கூடம் உருவாக வழிகாட்டியவர் அயர்லாந்துக் கவிஞர் ஒருவர் என்பது பலருக்குத் தெரியாது. அவர்தான் ஜேம்ஸ் கஸின்ஸ்.

கஸின்ஸ் 1873-ல் பெல்பாஸ்ட் நகரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே கவிஞராகப் பெயர் பெற்றார். அன்னி பெசன்ட் அம்மையாரின் அழைப்பை ஏற்று, 1915-ல் மனைவி மார்கரெட்டுடன் சென்னை வந்து, 'நியூ இந்தியா' பத்திரிகையில் சேர்ந்தார். மறு ஆண்டு அயர்லாந்தில் ஆங்கில ஆட்சியை எதிர்த்துக் கிளர்ச்சி மூண்டது. கிளர்ச்சிக்காரர்களைப் பாராட்டி எழுதியதால் அந்த வேலை போயிற்று. பின்னர் மதனபள்ளி தியாசபிகல் கல்லூரி அவருக்குப் புகலிடமாயிற்று. 1919-ல் தாகூர் அங்கு தங்கியபோது 'ஜன கண மன' பாடலுக்கு இசைக் குறிப்பு எழுதி உதவியவர் மார்கரெட் அம்மையாரே.

இந்தியக் கலை தன் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்பது கஸின்ஸின் கொள்கை. அதனால் வங்காள ஓவியர்களின் புதுப் பாணியை அவர் ஆதரித்தார். ரவிவர்மாவின் எண்ணெய் வண்ண ஓவியங்கள் ஐரோப்பிய பாணியின் நகல் என்று அந்த அணியினர் பலர் ஒதுக்கி வந்த காலம் அது.

திருவாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள், ஓவியக் கூடம் அமைக்கக் கஸின்ஸின் ஆலோசனையை நாடினார். அங்கேதான் அவருக்குச் சோதனை. ஆனால், தாம் போற்றிய பாணிக்கு மட்டும் இடம் தந்து அவர் கதவை மூடிவிடவில்லை. 1935-ல் திறக்கப்பட்ட அந்தக் கூடத்தில் ரவிவர்மாவுக்குச் சிறப்பிடம் கிடைத்தது. ஆங்கிலேயர் வளர்த்த இயற்கைக் காட்சி ஓவிய மரபில் நாட்டம் கொண்ட அவர் தம்பி ராஜராஜ வர்மாவின் படங்களும், ரஷ்ய ஓவியர் ரோரிக்கின் இமயமலைக் காட்சிகளும், நம் தஞ்சாவூர் ஓவியங்களும், சீன, ஜப்பானியப் படைப்புகளும் அங்கே இடம் பெற்றன.

பிற்காலத்தில் இந்து சமயத்தைத் தழுவி, ஜெயராம் என்ற பெயரையும் ஏற்ற கஸின்ஸ், 1956-ல் மதனபள்ளியில் காலமானார். தம் விருப்பு வெறுப்பைத் தாண்டி ஊருக்கொரு செல்வத்தைச் சேர்த்துத் தருவது எளிதன்று. அந்தப் பெருந்தன்மைக்குச் சாட்சியாக இன்றும் நிற்கிறது சித்ராலயம்.