வளனார் என்று பெயரிட்டவரின் ஊர்

திண்டுக்கல் பெரிய கோவில் அர்ச். சூசையப்பருடையது. 1866-ல் தொடங்கி 1872-ல் கட்டி முடிந்த அக்கோவில், 2003-ல் திண்டுக்கல் தனி மேற்றிராசனமானபோது மேற்றிராசனக் கோவிலாயிற்று. அதன் பாதுகாவலரை வளனார் என்றும் அழைக்கிறோம். எபிரேய மொழியில் யோசேப்பு என்னும் சொல்லுக்குப் பெருகுதல் என்று பொருள். அந்தப் பொருள் கெடாதபடி வளன் என்று தமிழில் பெயரிட்டவர் வீரமாமுனிவர் என்னும் கொன்ஸ்தந்தினு யோசேப்பு பெஸ்கி சுவாமி.

அவர் பிறந்த ஊரைப் போய்ப் பார்த்தவர்கள் நம்மில் மிகச் சிலரே. பிள்ளைகள் வெளிநாட்டில் உத்தியோகம் பார்க்க, பெற்றோர் இத்தாலிக்குத் திருயாத்திரை போவது இக்காலத்தில் அபூர்வமல்ல. உரோமை, அசிசி, பதுவை என்று கூட்டத்தோடு ஓடிப் பார்த்துவிட்டு, கால்வலியும் ஜெபமாலைகளுமாகத் திரும்புகிறார்கள். கூட்டத்தை விட்டுத் தாமாகவே போகிறவர்களுக்கு ஒரு வழி சொல்லலாம். பதுவையில் அந்தோணியாரைத் தரிசித்தபின் மிலான் பக்கம் போகும் ரயிலில் ஏறி, வெரோனாவைத் தாண்டி, கார்தா ஏரிக்கரையிலுள்ள தேசென்சானோவில் இறங்க வேண்டும். அங்கிருந்து சற்றுத் தெற்கே இருப்பது காஸ்திக்லியோனே. அவ்வூருக்கு ரயில் இல்லை. மாந்துவாவுக்கும் பிரேஷாவுக்கும் இடையே ஓடும் பஸ் அவ்வழியாகப் போகிறது.

இச்சிற்றூரில்தான் 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி பெஸ்கி பிறந்தார். அவருக்கு நூறாண்டுக்கு முன், 1568-ல், அதே ஊர்க் கோட்டையில் பிறந்தவர் நம் சிறுவர் அறிந்த அர்ச். ஞானப்பிரகாசியார். மூத்த மகனாகத் தமக்கு வரவேண்டிய பிரபு பட்டத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்து, உரோமையில் சேசு சபையில் சேர்ந்து, கொள்ளைநோயாளிகளுக்கு ஊழியம் செய்து 23 வயதில் இறந்தாரே, அவர்தாம். அவருடைய திருவுடல் உரோமையில் அர்ச். இஞ்ஞாசியார் கோவிலிலும், சிரசு பிறந்த ஊர்ப் பசிலிக்காவிலும் வைக்கப்பட்டிருக்கின்றன. பிறந்த மண்ணையும் வரவேண்டிய சொத்தையும் விட்டுப் போகலாம் என்பதைப் பெஸ்கி புத்தகத்தில் படிக்க வேண்டியிருக்கவில்லை. ஊரே அதைச் சொல்லிக்கொண்டிருந்தது. 1859-ல் பக்கத்துச் சொல்பெரினோவில் பெரும் போர் நடந்தபோது, இவ்வூர்ப் பெண்கள் எந்நாட்டார் என்று பாராமல் காயம்பட்டோருக்குக் கட்டுப்போட்டதைக் கண்டுதான் ஹென்றி துனாந்து என்பவருக்குச் செஞ்சிலுவைச் சங்கத்தின் எண்ணம் பிறந்தது. சங்கத்தின் காட்சிசாலை இன்றும் அவ்வூரில் இருக்கிறது.

பெஸ்கி 1698-ல் சேசு சபையில் புகுந்தார். நொவெல்லாராவில் நவசந்நியாசம், பிறகு ராவென்னாவிலும் பொலோஞாவிலும் கற்றும் கற்பித்தும் வாழ்ந்தார். ராவென்னாவுக்குப் போகிறவர்கள் அங்குள்ள பழைய அப்பொல்லினாரியார் கோவிலை விட்டுவிடக் கூடாது. அதன் சுவரில், ஏறக்குறைய 1,400 ஆண்டுக்கு முன் வண்ணக் கற்சில்லுகளைப் பதித்து ஆக்கிய சித்திரத்தில், மூன்று ராசாக்கள் காணிக்கை ஏந்தித் திருக்குழந்தையிடம் விரைந்து போகிறார்கள். இளம் ஆசிரியரான பெஸ்கி அதைப் பாராமல் இருந்திருப்பார் என்று நம்ப முடியவில்லை. தாந்தே மகாகவி அடக்கமாகியிருப்பதும் அந்நகரத்திலேயே. விர்ஜில் பிறந்ததோ மாந்துவாவுக்கு அருகில். ஆகப் பெரிய கவிகளின் நாட்டில் அவர் வளர்ந்தார்.

1709-ல் குருப்பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே லிஸ்போனில் கப்பலேறிக் கோவா வந்து சேர்ந்தார். 1711-ல் மதுரை மிஷனுக்கு வந்துவிட்டார். அப்போது வயது முப்பது. அதற்குப்பின் ராவென்னாவையோ, மாந்துவாவையோ, பிறந்த ஊரையோ அவர் பார்க்கவேயில்லை. வந்த சில ஆண்டுகளில், 1714-15-ல், குருக்கள்பட்டியில் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, மயிரிழையில் தப்பினார். அப்போதும் ஊர் திரும்பவில்லை. கொள்ளிடக்கரை ஏலாக்குறிச்சியில் அடைக்கலமாதாவின் நிழலில் தங்கி நூல்கள் எழுதினார். சதுரகராதி தொகுத்தார், திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். தேன், கோவில் என்று எழுதும்போது நாம் இடுகிற இரட்டைச்சுழிக் கொம்பும் அவர் தந்ததே. இதைப் படிக்கும் குழந்தைகள் அதைத் தங்கள் பாடப்புத்தகத்தில் எண்ணிப் பார்க்கலாம்.

சூசையப்பரின் சரித்திரத்தைத் தேம்பாவணி என்னும் பெயரில் 36 படலங்களாக, 3,615 பாட்டுகளாகப் பாடினார். அது 1726-ல் முடிந்தது. அவ்வாண்டு டிசம்பரிலேதான் உரோமையில் ஞானப்பிரகாசியாருக்கு அர்ச்சிஷ்ட பட்டம் அளிக்கப்பட்டது. செய்தி கடல் கடந்து ஏலாக்குறிச்சிக்கு எட்ட எத்தனை மாதம் ஆயிற்றோ! அந்நூலில் யூதேயா தேசம் வறண்ட மலைநாடாகக் காணப்படவில்லை. தமிழ்க் காப்பிய முறைப்படி நாட்டுப் படலத்தில் மழையும் ஆறும் வயலும் தாமரையும் நிறைந்திருக்கின்றன. காவிரிக்கரையில் கற்றது என்று அறிஞர் சொல்வர், அது உண்மையே. ஆனாலும் மாந்துவாவின் தாழ்ந்த நிலங்களில் 16-ஆம் நூற்றாண்டு முதலே நெல் விளைகிறது. மாந்துவா அரிசிச் சாதம் அந்நாட்டில் பேர்போனது. வத்தலக்குண்டு, நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து போகிற விவசாயக் குடும்பத்தார் அதைச் சாப்பிட்டுப் பார்த்து, குழைவு கொஞ்சம் அதிகம் என்று சொல்லக்கூடும்.

பெஸ்கி சுவாமி 1747-ல் மலையாள தேசத்து அம்பழக்காட்டில் தேவனடி சேர்ந்தார். 1968-ல் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது. காஸ்திக்லியோனே போகிற பங்கு மக்கள், ஞானப்பிரகாசியாரின் பீடத்தருகே ஒரு திரி கொளுத்தி, அவ்வூரார் காதில் படும்படி வளனார் பிரார்த்தனையைத் தமிழிலேயே சொல்லிவிட்டு வரலாம்.