பரங்கிப்பேட்டை தந்த பாடம்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதுடா என்று சங்கத்து அண்ணன் கேட்டதும் எனக்குக் கவிதை வரவில்லை. ஒடிஞ்சு போன ஒரு ஷாஃப்ட்தான் ஞாபகத்துக்கு வந்தது.

நான் கோட்டுச்சேரிமேட்டுக்காரன். எங்க வீட்டில் பத்தாவது தாண்டியது நான்தான். அப்பாவும் சித்தப்பாவும் கடலுக்குப் போகிறவர்கள். போன வருஷம் ஒரு ராத்திரி நடுக்கடலில் எஞ்சின் ஷாஃப்ட் ஒடிந்து, விடிய விடிய மிதந்து கிடந்தார்கள். கரையில் அம்மா பச்சைத் தண்ணிகூடக் குடிக்கவில்லை. காலையில் வேற படகு கயிறு கட்டி இழுத்து வந்தது.

ஒடிந்த துண்டை நம்ம ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்து வந்தேன். சார் லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஒடிந்த முகத்தில், அலை வடிந்த மணல் மாதிரி வரி வரியாகக் கோடுகள். எல்லாக் கோடும் ஓரத்தில் இருந்த ஒரு கரும்புள்ளியைச் சுற்றியே வளைந்திருந்தன. கடுகில் பாதிகூட இல்லை அந்தப் புள்ளி. உள்ளே கசடு இருந்திருக்கணும், விரிசல் அங்கேதான் பிறந்து கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருக்கு என்றார்.

உருக்குக்குள் உருக்கல்லாத துணுக்குகள் எப்போதும் கொஞ்சம் இருக்கும். ஆக்சைடு, சல்ஃபைடு, சிலிக்கேட் என்று பல வகை. அலுமினா மாதிரி கெட்டியான துணுக்கு, உருக்கோடு சேர்ந்து நீளாது. விசை வரும்போது அதன் ஓரத்தில் அழுத்தம் குவியும். திரும்பத் திரும்ப விசை வாங்கும் ஷாஃப்ட்டும் பேரிங்கும் அங்கிருந்து விட்டுப்போகலாம்.

இதைப் பற்றி நூலகத்தில் தேடியபோதுதான் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற பெயர் கிடைத்தது. உருக்கு வரலாற்றில் பெரிய பெயர். அவர் உலை மூட்டிய இடம் எது தெரியுமா? நம்ம ஊரிலிருந்து வடக்கே, சீர்காழி, சிதம்பரம் தாண்டி, வெள்ளாற்று முகத்தில் இருக்கும் பரங்கிப்பேட்டை!

ஹீத் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிக அதிகாரியாகச் சேலம், கோவைப் பக்கம் இருந்தவர். அங்கே நம்ம கொல்லர்கள் சின்ன மண் உலையில், கரியும் துருத்தியும் மட்டும் வைத்து இரும்பு காய்ச்சுவதைப் பார்த்தார். மனசு அதிலேயே நின்றுவிட்டது. நல்ல வேலையை விட்டார். இங்கிலாந்து போய் இரும்புத் தொழிலைக் கற்றுத் திரும்பினார். 1830-இல் பரங்கிப்பேட்டையில் ஆலை தொடங்கினார். கனிமம் சேலத்திலிருந்து வந்தது, கரி காடுகளிலிருந்து வந்தது. அப்போது காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையில், பரங்கிப்பேட்டை ஆங்கிலேயர் கையில். கம்பெனி கடன் கொடுத்தும் ஆலை லாபம் தரவில்லை. பக்கத்துக் காடு குறையக் குறைய, கரி தூரத்திலிருந்து வரவேண்டியதாயிற்று. அவர் சொந்தப் பணமும் கரைந்தது.

இங்கிலாந்து திரும்பிய ஹீத், 1839-இல் ஒரு காப்புரிமை வாங்கினார். மூசையில் உருக்கு காய்ச்சும்போது மாங்கனீசு கார்பைடு கொஞ்சம் போடவேண்டும், அவ்வளவுதான். அதுவரை ஷெஃபீல்டுக்காரர்கள் நல்ல உருக்குக்கு ஸ்வீடன் இரும்பையே நம்பி இருந்தார்கள். இங்கிலாந்து இரும்பில் கந்தகம் ஜாஸ்தி. மாங்கனீசு சேர்ந்ததும் உள்ளூர் இரும்பிலும் நல்ல உருக்கு வந்தது. விலையும் இறங்கியது.

காரணம் என்ன? கந்தகம் இரும்போடு சேர்ந்தால் இரும்பு சல்ஃபைடு. அது இரும்போடு கலந்து 988 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். உருக்கின் மணிகளுக்கு நடுவே படலமாகப் படரும். பழுக்கக் காய்ச்சி சுத்தியலால் அடித்தால் உருக்கு பிளந்துபோகும். மாங்கனீசு இருந்தால் கந்தகம் இரும்பை விட்டுவிட்டு அதோடு ஒட்டிக்கொள்ளும். மாங்கனீசு சல்ஃபைடு உருக 1600 டிகிரிக்கு மேல் வேண்டும். அது படலமாக ஓடாமல் தனித்தனித் துணுக்காக நின்றுவிடும். அழுக்கு முழுதும் போகவில்லை நண்பர்களே, அதிகக் கெடுதல் செய்யாத உருவத்துக்கு மாறிவிட்டது! ஆனால் உருட்டும்போது அதுவும் நூல் மாதிரி நீளும், குறுக்கு வாட்டில் பலம் குறையும் என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

இவ்வளவு செய்த மனிதருக்குக் கிடைத்தது என்ன? கார்பைடைத் தனியாகச் செய்யாமல், மாங்கனீசு ஆக்சைடையும் கரிப் பொருளையும் நேராக மூசையில் போட்டாலே போதும் என்ற மலிவு வழி பிறகு நடைமுறைக்கு வந்தது. காப்புரிமையில் எழுதியிருந்ததோ கார்பைடு மட்டும்தான். ஷெஃபீல்டில் அவருடைய ஏஜெண்டாக இருந்த அன்வினும் மற்ற ஆலைக்காரர்களும் மலிவு வழியில் உருக்கு காய்ச்சினார்கள், அவருக்குப் பங்கு தரவில்லை. வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. 1851-இல் ஹீத் வறுமையில் இறந்தார். 1855-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பும் அவருக்கு எதிராகவே வந்தது.

கம்பெனி அதிகாரி அவர், நம்ம கொல்லர்களின் கையறிவைப் பார்த்து வளர்ந்தவர். அந்தக் கொல்லர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. அவர் பெயர் இருக்கிறது, பணம் போய்விட்டது. ஒரு வரி குறைவாக எழுதியதற்கு அவர் கொடுத்த விலை அது. ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதி ஒப்பேற்றும் நாம் (நானும்தான்!) இதை நினைத்துக்கொள்ளணும்.

இன்று நாம் லேத்தில் கடையும் கம்பியிலும் வீடு கட்டும் கம்பியிலும் மாங்கனீசு இருக்கிறது. அந்த வேலையை இன்றும் அது செய்துகொண்டுதான் இருக்கிறது.

அப்பா புது ஷாஃப்ட் வாங்கிவந்து என்னிடம் நீட்டினார். இது தாங்குமா தம்பி, படிச்சவன் பார்த்துச் சொல்லு என்றார். வெளியே பார்த்துச் சொல்ல முடியாதுப்பா, உள்ளே பார்க்கணும், சோதிக்க வழி இருக்கு என்றேன். அதை முழுசாகக் கற்று முடிக்கத்தான் நான் தினம் பஸ் ஏறி வருகிறேன். வெல்டிங் அடிக்கும்போது கசடைத் தட்டாமல் அடுத்த ஓட்டம் ஓட்டாதீர்கள் நண்பர்களே. அந்த இணைப்பை நம்பி யாரோ ஒருத்தர் வீட்டு அப்பா கடலுக்குப் போவார்.