புத்தகத்திற்கு விலாசம் தந்தவர்

காத்திவாக்கத்தினின்று புகைவண்டியேறிப் பட்டணத்துப் புத்தகசாலை புகும் நாம், நூலின் முதுகிலுள்ள எண்ணைக் கவனியாது அலமாரிதோறும் துழாவுகின்றோம். சீர்காழி இரங்கநாதனாரை அறிந்தோர் அங்ஙனம் செய்யார்.

1892-இல் பிறந்து, சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையில் கணிதம் கற்று, அதனையே போதித்த அன்னார், 1924-இல் சென்னைச் சர்வகலாசாலையின் நூலகரானார். அத்தனிமை சின்னாளிற் கசந்தது. பழைய உத்தியோகத்திற்கே மீள விழைந்தார். இலண்டனிற் பயின்ற பின்னும் மனம் ஒவ்வாவிடில் மீளலாமென மேலோர் இசைந்தனர். அவர் மீளவில்லை.

அங்கே கடையொன்றில், துண்டுகளைத் திருகாணியால் இணைத்துப் பலவுருச் சமைக்கும் பொம்மையைக் கண்டார். நமக்கு அது வெறும் பொம்மையே! அவரோ நூற்பொருளையும் அவ்வாறே கூறுபடுத்தி, முக்காற்புள்ளியால் இணைத்தார். மருத்துவம் எல், நுரையீரல் 45, க்ஷயம் 421. ஆகவே எல்45:421 என்பது நுரையீரற் க்ஷயம் பற்றிய நூலின் இடம். 1933-இல் இம்முறை அச்சேறியது. 1972-இல் அவர் காலமானார்.