தாலிமெரென் ஆவோ: ஆடுகளத்துக் காவலரும் மலைநாட்டு வைத்தியரும்

உதைபந்தாட்டத்திலே கோல் போட்டவர் பெயர் ஊரெங்கும் பரவும். கோல் விழாமற் காத்தவர் பெயரைச் சிலரே நினைவிற் கொள்வர். காக்கும் பணி எங்கும் அத்தன்மையதே. அப்பணியினாலேயே புகழ் பெற்று, அப்புகழ் உச்சியில் நின்ற காலத்தில் அதனை விட்டு நீங்கி, தம் மலைநாட்டு மக்களுக்கு வைத்தியராய் வாழ்ந்து முடித்தவர் தாலிமெரென் ஆவோ. சுதந்திர இந்தியாவின் முதலாவது ஒலிம்பிக் உதைபந்தாட்டக் குழுவுக்குத் தலைவர் அவரே. படிப்பா, விளையாட்டா என்னும் வினா மாணவர் உள்ளத்தில் எழுந்தவண்ணமே இருப்பதால், அவர் வரலாறு நம் கல்லூரி மலரில் இடம்பெறுதல் பொருத்தமுடையது.

1918ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள், அக்கால அசாம் மாகாணத்து நாகமலைகளிலே சாங்கி என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தையார் கிறிஸ்தவ போதகர். பன்னிரு பிள்ளைகள் கொண்ட பெருங்குடும்பம், செல்வம் இல்லை. குடும்பம் பின்னர் இம்பூர் என்னும் மிஷன் குடியிருப்பிற் சென்று தங்கியது. அங்கேதான் சிறுவர் தாலிமெரென் கந்தைத் துணிகளைச் சுருட்டிக் கட்டிய பந்தை உதைத்துப் பழகினார். காலுக்குச் சப்பாத்து இல்லை. ஓடுவதற்கு ஒழுங்கான சமதரையும் இல்லை. பொகவந்தலாவையிலே தேயிலைச் சரிவுகளுக்கும் லயங்களுக்கும் இடையே கிடைத்த சிறு வெளியில் வெறுங்காலுடன் பந்து விரட்டி வளர்ந்த நம்மவர்க்கு இக்காட்சி புதியதன்று.

1935ஆம் ஆண்டில் நெருப்புக் காய்ச்சலினால் தந்தையார் காலமானார். தம் மகன் வைத்தியம் கற்று, நோயுற்றும் கவனிப்பாரின்றி வாடும் நாகமலை மக்களுக்குத் தொண்டாற்ற வேண்டும் என்பதே அவருடைய பேரவா. அப்போது மகனுக்கு வயது பதினேழு. அந்த விருப்பத்தை மகன் ஆணையாகவே ஏற்றார். அதன் பின்னர் அவர் வாழ்வில் நிகழ்ந்த திருப்பங்கள் பலவற்றுக்கும் இதுவே காரணமாயிற்று.

ஜோர்ஹாட்டில் மிஷன் பாடசாலைக் கல்வியை முடித்தபின் அவர் குவாஹாத்தியிலுள்ள கொட்டன் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே ஓட்டத்திலும் ஏனைய மெய்வல்லுநர் போட்டிகளிலும் சிறந்து விளங்கினார்; உதைபந்தாட்டத்திலே அவருக்கு நிகரானவர் அரியர். அவ்வூர் மகாராணா கழகம் அவரைத் தன் குழுவிற் சேர்த்துக் கொண்டது. 1942ஆம் ஆண்டில் கல்கத்தாவிலே கார்மைக்கேல் வைத்தியக் கல்லூரியில் அவருக்கு இடம் கிடைத்தது. மறு ஆண்டே, முன்பு மகாராணாக் கழகத்திலே தம்மோடு ஆடிய நண்பர் ஒருவர் வாயிலாக, மோகன் பகான் கழகம் அவரை அழைத்துக் கொண்டது.

மோகன் பகான் சாமானியமான கழகமன்று. 1911ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள், வெறுங்காலுடன் ஆடிய அக்கழகத்தார் சப்பாத்தணிந்த ஆங்கிலப் படைப்பிரிவுக் குழுவை 2-1 என்னும் கணக்கில் வென்று கேடயத்தைக் கைப்பற்றியமை இந்திய விளையாட்டு வரலாற்றில் ஒரு திருப்பம். அத்தகைய கழகத்திலே, முன்னணியில் ஆடி வந்த ஆவோ, எதிரியின் தாக்குதலைத் தடுக்கும் பணிக்கு மாற்றப்பட்டார். நல்ல உயரமும் உரமும் உடைய அவர், பந்து வரும் வழியை முன்னரே கணித்து நிற்பதில் வல்லவராயினார். மழைக்காலச் சேற்றிலும் வெறுங்காலால் நிலைகுலையாது ஆடும் திறம் அவருக்கு இருந்தது. சில ஆண்டுகளுள் கழகத்தின் தலைமையும் அவரிடம் வந்தது. ஒரு புறம் ஆயிரக்கணக்கானோர் ஆர்ப்பரிக்கும் மைதானம். மறு புறம் உடற்கூற்று நூலும் நோயாளர் விடுதியும். இரண்டையும் அவர் ஆண்டுக்கணக்காகச் சுமந்தார்.

1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் விழாவிலே, வெம்பிளி அரங்கில் இந்தியக் கொடியை ஏந்தி அணிவகுப்பை நடத்திச் சென்றவர் இந்த நாகமலை மாணவர். சுதந்திரம் பெற்று ஓராண்டும் நிறையாத ஒரு நாட்டின் கொடி அது. ஜூலை 31ஆம் நாள் இல்போர்டு மைதானத்தில் பிரான்சுக் குழுவை இந்தியர் எதிர்கொண்டனர். ஆவோ தலைமை தாங்கிய அக்குழுவிற் பெரும்பாலோர் வெறுங்காலர். பிரான்சு முந்திக் கொண்டது. சாரங்கபாணி இராமன் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தார். இரண்டு தண்டவுதைகள் இந்தியர்க்குக் கிடைத்தும் வீணாயின. ஆட்டம் முடியுந் தறுவாயில் பிரான்சு மீண்டும் ஒரு கோல் போட, 2-1 என இந்தியர் தோற்றனர். தோற்றும் அவர்கள் பார்வையாளரின் பாராட்டைப் பெற்றனர். அதே நாளில்தான் வெம்பிளியில் நம் நாட்டு டங்கன் வைட் 400 மீற்றர் தடையோட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார் என்பது இலங்கையர் நினைவிற் கொள்ளத்தக்கது.

வெறுங்காலுடன் ஆடியது ஏன் என்று நிருபர்கள் வினவியபோது, தாங்கள் ஆடுவது காலால் ஆடும் ஆட்டமேயன்றிச் சப்பாத்தால் ஆடும் ஆட்டமன்று எனும் பொருள்பட ஆவோ நகைச்சுவையாக விடையளித்தார் என்பர். ஆயினும் காலம் மாறியது. 1952ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிக் குளிரிலே யூகோஸ்லாவியாவிடம் 10-1 எனத் தோற்றபின், சப்பாத்தணிதல் இந்திய வீரர்க்குக் கட்டாயமாயிற்று. அக்குழுவில் ஆவோ இல்லை. அப்போது அவர் வைத்தியராகிவிட்டார்.

இலண்டன் ஆட்டத்தைக் கண்ட ஆங்கிலக் கழகமொன்று அவரைத் தன்னுடன் சேருமாறு அழைத்ததாகவும், அது ஆர்சனல் என்றும் பரவலாகக் கூறுவர். அவ்வழைப்பின் விவரம் எவ்வாறாயினும், அவர் சென்ற வழி ஐயத்துக்கு இடமற்றது. அவர் கல்கத்தா திரும்பி, 1950ஆம் ஆண்டில் வைத்தியப் பட்டம் பெற்றார். அதன் பின்னும் கல்கத்தாவிலேயே தங்கியிருந்தால் பேரும் புகழும் தாமாகவே வந்திருக்கும். அவரோ திப்ருகரில் காது, மூக்கு, தொண்டைப் பிணி வைத்தியத்திற் பணியாற்றிவிட்டு, 1953ஆம் ஆண்டில் நாகமலைகளின் கோகிமா வைத்தியசாலைக்குச் சென்றார்.

அக்காலத்தில் அம்மலைகளிலே வைத்தியர் மிகச் சிலர்; வீதிகள் அரியன; நாட்டிற் கலவரமும் மூண்டிருந்தது. 1963ஆம் ஆண்டு டிசம்பரில் நாகாலாந்து தனி மாநிலமாயிற்று. காலக்கிரமத்தில் அம்மாநிலச் சுகாதாரப் பகுதியின் பணிப்பாளர் பதவி வரை உயர்ந்த ஆவோ, 1978ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். 1998ஆம் ஆண்டு செப்டெம்பர் 13ஆம் நாள் தம் எண்பதாவது வயதில் காலமானார். இன்று விளையாட்டரங்குகள் அவர் பெயர் தாங்கி நிற்கின்றன. 2009ஆம் ஆண்டில் இந்திய வடகிழக்கு மாநிலங்களுக்கென ஒரு நினைவுக் கிண்ணமும் அவர் பெயரால் ஏற்படுத்தப்பட்டது.

விளையாட்டு படிப்பைக் கெடுக்கும் என்று அஞ்சும் பெற்றோர் உளர். படிப்பு விளையாட்டைக் கெடுக்கும் என்று சொல்லிப் புத்தகத்தை மூடும் மாணவரும் உளர். இருசாராருக்கும் இவர் வாழ்வே விடை. ஆட்டம் அவருக்கு உலகத்தைக் காட்டிற்று. கல்வி அவரை ஊருக்கு மீட்டது. தோட்டத்து டிஸ்பென்சரிக்கு அப்பால் ஒரு வைத்தியரைக் காண்பதற்கு நோயாளியைச் சுமந்து நெடுந்தூரம் நடந்த தலைமுறையினர் நம் மலையகத்திலே இன்றும் வாழ்கின்றனர். அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று வைத்தியராயும் பொறியியலாளராயும் ஆசிரியராயும் பட்டம் பெறுகின்றனர். கொழும்புக்கும் கடல் கடந்தும் செல்கின்றனர். செல்லுதல் குற்றமன்று; ஆவோவும் சென்றவரே. ஆனால், தம்மை வளர்த்த மலைக்குத் தாம் பட்ட கடன் ஒன்று உண்டென்பதை அவர் பதினேழு வயதில் அறிந்தார். அறுபது வயது வரை அதனைச் செலுத்தினார். நம் கல்லூரியினின்றும் வெளியேறும் ஒவ்வொருவரும் தத்தமக்கு இயன்ற அளவில் அக்கடனை நினைத்தல் நன்று.